சிறிய கிரியேட்டருக்கு ஸ்பான்சர் வரும் வழிகள்: இலவசப் பொருளா, கமிஷனா, ஏஜென்சியா, நேரடிப் பேச்சா?

சமையல், புடவை, மாடித்தோட்டம், குழந்தை வளர்ப்பு என்று எதைப் பற்றி வீடியோ போட்டாலும், ஐயாயிரத்திலிருந்து இருபதாயிரம் ஃபாலோயர் வரை சேர்ந்துவிட்ட ஒருவருக்கு வருமானத்தைப் பற்றிய கேள்வி எழாமல் இருப்பதில்லை. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சப்ஸ்கிரைபரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்ற வரம்பைத் தாண்டிய பிறகும், அந்த அளவிலான சேனலுக்கு வரும் தொகை பெரும்பாலும் கைச்செலவுக்குக்கூடப் போதாது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் அப்படியொரு விளம்பரப் பங்கும் கிடைப்பதில்லை. ஆகவே பணம் வர வேண்டுமானால் அது பொருள் விற்பவர்களிடமிருந்துதான் வர வேண்டும். அவர்களை அடைய இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. பொருளை இலவசமாக வாங்கிக்கொண்டு வீடியோ போடுவது, விற்பனையில் கமிஷன் பெறுவது, ஏஜென்சி அல்லது தளங்களின் சந்தை மூலம் வேலை பெறுவது, கடைக்காரரிடமோ தயாரிப்பாளரிடமோ நாமே நேரில் பேசுவது ஆகியவையே அவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்வையாளர்கள் பெரும்பாலும் ஒரு மாவட்டத்திலோ சில ஊர்களிலோ இருக்கும் தமிழ் கிரியேட்டருக்கு நேரடிப் பேச்சுதான் முதல் வழி. கமிஷன் அதற்குத் துணையாக நிற்கும். ஏஜென்சிக்குப் போவதென்றால், கையில் காட்டுவதற்கு நான்கைந்து வேலைகள் சேர்ந்த பிறகு போவது நல்லது. இலவசப் பொருள் விதிவிலக்காக மட்டுமே ஏற்கத்தக்கது. நடைமுறையில் பலரும் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதால்தான் ஒவ்வொன்றையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவது பார்ட்டர் எனப்படும் இலவசப் பொருள்தான். "உங்க பேஜ் ரொம்ப நல்லா இருக்கு, கொலாப் பண்ணலாமா? ப்ராடக்ட் அனுப்புறோம்" என்ற செய்தி வரும்போது ஏற்படும் மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1,200 ரூபாய் விலைச்சீட்டு ஒட்டிய குர்தியின் அடக்க விலை அனுப்புபவருக்கு அதைவிட மிகக் குறைவு. அதற்கு ஈடாக நாம் கொடுப்பதோ அரை நாள் படப்பிடிப்பு, ஒரு மாலை எடிட்டிங், நம்மை நம்பிப் பார்ப்பவர்களின் கவனம் ஆகியவை. இதைத் தொடர்ந்து ஏற்பவரிடம், அடுத்த முறை அதே நிறுவனம் பணம் தருவதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

வரியும் இங்கே உண்டு. தொழில் தொடர்பாகக் கிடைக்கும் இத்தகைய நன்மைகளின் மதிப்பு ஓராண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீத வரிப் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட விளக்கத்தில் சமூக ஊடகக் கிரியேட்டர்களைப் பற்றியே நேரடியாகப் பேசப்பட்டது. பொருளை வீடியோவுக்குப் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது நன்மையாகக் கருதப்படாது, வைத்துக்கொண்டால் கருதப்படும். மொபைலோ மிக்ஸியோ அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால், திருப்பித் தர வேண்டியதா நம்மிடமே இருக்கப்போவதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். நாம் எப்படியும் காசு கொடுத்து வாங்கவிருந்த பொருளாக அது இருந்து, அதைக் காட்டும் வீடியோ நம்மிடம் இதுவரை இல்லாத வகையாகவும் இருந்தால், ஒருமுறை ஏற்கலாம். "விளம்பரத் தூதராகத் தேர்வாகிவிட்டீர்கள், கூரியர் செலவை மட்டும் அனுப்புங்கள்" என்று நம்மிடமே பணம் கேட்கும் பக்கங்களுக்குப் பதில் எழுதவே வேண்டாம்.

கமிஷன் வழி இதைவிட நேர்மையானது, ஏனெனில் விற்றால் பணம், விற்காவிட்டால் இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே தொடங்குகிறது. அமேசான் நீண்ட காலமாக இதை நடத்திவருகிறது. யூடியூப் 2024 அக்டோபரில் ஃபிளிப்கார்ட், மிந்த்ராவோடு சேர்ந்து இந்தியாவில் வீடியோவிலேயே பொருளை இணைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆனால் இந்த வழி எல்லா வகை வீடியோவுக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. "எந்த டேபிள் டாப் கிரைண்டர் வாங்கலாம்" என்று ஒருவர் தேடும்போது கிடைக்கும் பத்து நிமிட யூடியூப் வீடியோ ஓராண்டு கழித்தும் விற்பனை தரும், ஏனெனில் பார்ப்பவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். ரீல்ஸ் பார்ப்பவரோ சாம்பார் கொதிப்பதைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு விரலை நகர்த்துகிறார். அவர் கேப்ஷனில் இருக்கும் லிங்க்கைத் தொட முடியாது. பயோவுக்குப் போய், லிங்க்கைத் தேடி, பிறகு வாங்க வேண்டும். வழியில் ஒவ்வொரு படியிலும் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். அமேசானில் நம் லிங்க் வழியாகப் போனவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கவோ கார்ட்டில் சேர்க்கவோ செய்யாவிட்டால், அவர் அடுத்த வாரம் அதே பொருளை வாங்கினாலும் நமக்கு ஒன்றும் வராது. பொருட்களை ஒப்பிட்டுப் பேசும் நீண்ட வீடியோக்களே முதன்மையாக இருப்பவர்களுக்குக் கமிஷன் முதல் வழியாகவே இருக்கலாம். மற்றவர்களுக்கு இது ஓரமாக வந்துகொண்டிருக்கும் சிறு வரவு.

ஏஜென்சியைப் பற்றிப் பேசும்போது இரு பக்கமும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் அளவுள்ள மசாலா நிறுவனமோ சோப்பு நிறுவனமோ பதினைந்தாயிரம் ஃபாலோயர் உள்ள ஒருவரிடம் தனியாகப் பேச ஆள் வைத்திருப்பதில்லை. அவர்கள் ஐம்பது பேரை ஒரே நேரத்தில் பிடித்துத் தரும் ஏஜென்சியிடம்தான் பட்ஜெட்டை ஒப்படைப்பார்கள். அந்த வாசல் வேறு எங்கும் திறப்பதில்லை என்பது உண்மை. 2024 தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த இன்ஸ்டாகிராமின் கிரியேட்டர் சந்தையும் பிராண்டுகள் நம்மைத் தேடிக் கண்டுபிடிக்க வழி செய்கிறது. அதில் நம் விவரங்களை நிரப்பி வைப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

ஆனால் சிறிய கிரியேட்டர் ஏஜென்சி வழியில் விலை சொல்லும் இடத்தில் இருப்பதில்லை. பிராண்டுக்கும் நமக்கும் நடுவில் சில சமயம் இரண்டு மூன்று இடைத்தரகர்கள் இருப்பார்கள். பிராண்டு எவ்வளவு கொடுத்தது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. ஸ்கிரிப்டை அவர்களே தருவார்கள், அது எல்லோருக்கும் ஒரே ஸ்கிரிப்டாக இருக்கும், ஒரே வாரத்தில் ஐம்பது பக்கங்களில் ஒரே வாக்கியம் ஒலிக்கும்போது நம் பார்வையாளர் அதை உடனே கண்டுகொள்வார். பணம் வீடியோ வெளியான இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகே வருவது சகஜம். எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் வரும் பயன்பாட்டு உரிமை பற்றித்தான். நம் பக்கத்தில் ஒருமுறை போடுவதற்கான கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதே வீடியோவைத் தங்கள் பணம் கட்டிய விளம்பரமாக எத்தனை மாதமும், எந்தத் தளத்திலும் ஓட்டிக்கொள்ளலாம் என்ற வரி அதில் இருக்கும். நம் முகமும் குரலும் ஓராண்டு முழுக்க ஒரு எண்ணெயை விற்றுக்கொண்டிருக்கும்போது, வேறெந்த எண்ணெய் நிறுவனமும் நம்மிடம் வராது. இத்தனை மாதம், இன்ன தளம் என்று வரம்பு எழுதச் சொல்லி, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது நம் உரிமை.

தாமதத்துக்கு ஒரு மருந்து இருக்கிறது, கிரியேட்டர்களில் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதார், பான் எண்களைக் கொண்டு கட்டணமின்றிப் பதிவு செய்தால், வீடியோ தயாரித்துத் தரும் ஒருவரும் குறு நிறுவனமாகக் கருதப்படுவார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். இன்வாய்ஸின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்பினால், அந்த எண்ணின் பொருளைக் கணக்குப் பிரிவில் இருப்பவர் நன்றாகவே அறிவார். பதிவு மட்டும் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இனி நேரடிப் பேச்சு. இதற்கு அதிக உழைப்பு வேண்டும், மறுப்பு நிறைய வரும், முதல் தொகைகள் சிறியவையாக இருக்கும். இருந்தும் இதை முதலில் வைக்கிறேன். நம்மிடம் இருக்கும் உண்மையான மதிப்பு ஃபாலோயர் எண்ணிக்கையில் இல்லை, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பார்வையாளர் விவரத்தைக் காட்டும் இன்சைட்ஸ் பகுதியில் ஊர் வாரியாகப் பார்த்தால், கோவையில் இருந்து சமையல் வீடியோ போடும் ஒருவருக்கு கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மூன்று ஊர்களே பார்வையாளர்களில் பெரும்பகுதியாக இருக்கலாம். அகில இந்திய நிறுவனத்துக்கு அந்தத் தகவல் ஒன்றுமே இல்லை. காங்கேயத்தில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஆட்டி விற்கும் ஒருவருக்கோ அவர்கள்தான் வாடிக்கையாளர்கள். மாறாக, பார்வையாளர்களில் பாதிப் பேர் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருந்தால், உள்ளூருக்கு மட்டும் பார்சல் அனுப்பும் கடைக்கு நம்மால் பயனில்லை. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கட்டணத்தைத் தீர்மானிப்பதிலும் நேரடி வழியில் ஒரு தெளிவு இருக்கிறது. ஃபாலோயர் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எங்கோ படித்த கணக்கை விட்டுவிட்டு, கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ப் புடவை விற்கும் ஒருவருக்கு 900 ரூபாய்ப் புடவையில் 200 ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் ரீல் பார்த்து முப்பது பேர் வாட்ஸ்அப்பில் விசாரித்து, பதினைந்து பேர் வாங்கினால் அவருக்கு 3,000 ரூபாய். அவரிடம் போய் 5,000 கேட்டால், அவர் ஒருமுறை கொடுத்துவிட்டு இரண்டாம் முறை போனையே எடுக்க மாட்டார். 1,500 ரூபாய் நிலையான கட்டணம், பத்துப் புடவைக்கு மேல் விற்கும் ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய் என்று பேசினால் இருவருக்கும் தாங்கும். இங்கே கமிஷன் லிங்க்கே தேவையில்லை. வாங்குபவர் நம் பக்கத்தின் பெயரைச் சொன்னால் கூரியர் இலவசம் என்று அறிவித்தால், கணக்கு அவருடைய வாட்ஸ்அப்பிலேயே தெரிந்துவிடும்.

அதே ரீலை மாடுலர் கிச்சன் செய்து தருபவருக்கோ, மணப்பெண் அலங்காரம் செய்பவருக்கோ, சோலார் பேனல் பொருத்துபவருக்கோ எடுத்தால் கணக்கே வேறு. ஒரே ஒரு வாடிக்கையாளர் வந்தாலும் அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் நிற்கும் என்பதால், 6,000 ரூபாய் கேட்பது அவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. நம் வேலையும், நம் செலவும், பார்க்கும் கூட்டமும் மாறவில்லை. ஒரு வாடிக்கையாளரால் அவருக்குக் கிடைக்கும் லாபம்தான் மாறியிருக்கிறது. நேரடியாகப் பேசப் போகிறவர் தம் ஊர்க் கடைகளை இந்த வரிசையில் அடுக்கிப் பார்த்தால், யாரிடம் முதலில் போக வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

எப்படிப் பேசுவது என்பதில் பலருக்கும் தயக்கம் இருப்பதால் ஒரு செய்தியை அப்படியே எழுதிக் காட்டுகிறேன். "வணக்கம் சார். கோவையில் இருந்து சமையல் பக்கம் நடத்துகிறேன். உங்கள் கடலை எண்ணெயை வாங்கிப் போன வாரம் தேன்குழல் சுட்டேன், வீடியோவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் வீடியோ பார்ப்பவர்களில் அதிகம் பேர் கோவை, திருப்பூர்க்காரர்கள், அதன் ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும் நேரத்தில் இரண்டு ரீல்ஸும் நான்கு ஸ்டோரியும் போட 4,000 ரூபாய் ஆகும். விருப்பம் இருந்தால் நேரில் வந்து பேசுகிறேன்." இதில் புகழ்ச்சி இல்லை, கெஞ்சலும் இல்லை. பொருளை முன்பே பயன்படுத்தியிருக்கிறோம் என்பதும், எந்த ஊர், எந்த நேரம், எவ்வளவு தொகை என்பதும் இருக்கின்றன. "கொலாப் செய்ய ஆர்வமாக உள்ளேன்" என்ற ஒற்றை வரிச் செய்திகள் தினமும் வந்து குவியும் போனில் இது தனித்துத் தெரியும்.

நேரம் முக்கியம். ஆடித் தள்ளுபடிக்கான செலவைக் கடைக்காரர் ஆனியிலேயே முடிவு செய்துவிடுவார். தீபாவளி வேலைக்கு ஆவணியில் பேச வேண்டும், ஆயுத பூஜைக்குப் பிறகு போனால் அவருக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரமிருக்காது. நேரில் போவதென்றால் பிற்பகல் மூன்று மணி வாக்கில், கடையில் கூட்டம் குறைந்திருக்கும்போது போவது நல்லது. பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, எத்தனை வீடியோ, எத்தனை திருத்தம், எந்தத் தேதி என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி, "சரி" என்ற பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வீடியோ வெளியாகி ஒரு வாரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள், பகிர்ந்தார்கள் என்ற விவரத்தை அவர் கேட்காமலே அனுப்பிவிட்டு, கடைக்கு எத்தனை பேர் நம் பெயரைச் சொல்லி வந்தார்கள் என்று கேட்க வேண்டும். அந்தப் பதில்தான் அடுத்த கடைக்காரரிடம் காட்டும் சான்று. பிற்பாடு ஏஜென்சியிடம் போகும்போதும் ஃபாலோயர் எண்ணிக்கையைவிட அதுவே நமக்காகப் பேசும்.

எந்த வழியில் வந்தாலும் சில வேலைகளை மறுத்தே தீர வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சிறிய பக்கங்களுக்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு பணம் தருவதாக வரும் செய்திகள் பெரும்பாலும் சூதாட்டச் செயலிகளிடமிருந்து வருபவை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை விளம்பரம் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இடமளிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை அக்கா என்றும் தம்பி என்றும் கூப்பிட்டு கமெண்ட் போடும் ஒரு குடும்பத்தின் சேமிப்பை அந்தச் செயலியிடம் அனுப்பி வைப்பதை எந்தத் தொகையும் நியாயப்படுத்தாது. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று சொல்லும் பொடிகளும் இதே வகைதான். அப்படி விளம்பரம் செய்வது, மருந்துகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம்.

பொய்யான விளம்பரத்தில் தோன்றுபவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், ஓராண்டு வரை விளம்பரம் செய்யத் தடை போடவும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சொன்னதைச் சரிபார்க்கத் தக்க முயற்சி எடுத்தேன் என்று காட்ட முடிந்தவருக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது. ஆகவே உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த உரையாடலைப் பத்திரப்படுத்த வேண்டும். நேரடி வழியில் உற்பத்தி நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்க முடியும். இடையில் மூன்று தரகர்கள் இருக்கும் ஏஜென்சி வேலையில் அந்த வாய்ப்பு அரிது.

விளம்பரம் என்று அறிவிப்பதைப் பற்றியும் குழப்பம் தேவையில்லை. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பணம், இலவசப் பொருள், கமிஷன் எது வாங்கியிருந்தாலும் அறிவிப்பு வேண்டும். கேப்ஷனில் "மேலும்" என்பதைத் தொடாமலே தெரியும் இடத்தில் அது இருக்க வேண்டும். 15 விநாடிக்கு உட்பட்ட வீடியோவில் குறைந்தது 3 விநாடியும், அதற்கு மேல் 2 நிமிடம் வரையிலான வீடியோவில் மூன்றில் ஒரு பங்கு நேரமும் திரையில் நிற்க வேண்டும். தமிழ் வீடியோவில் "விளம்பரம்" என்று தமிழிலேயே போடலாம். அப்படிப் போட்டால் ரீச் குறைந்துவிடும் என்று பயந்து மறைக்கச் சொல்லும் கடைக்காரரிடம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் அபராதம் அவருக்கும் சேர்த்துத்தான் என்பதை எடுத்துச் சொன்னால் போதும்.

என் வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. நகைச்சுவை, சினிமா விமர்சனம், மொபைல் ரிவியூ போன்றவற்றைச் செய்பவர்களின் பார்வையாளர்கள் தமிழ்நாடு முழுக்கவும் வெளிநாடுகளிலும் சிதறி இருப்பார்கள். உள்ளூர்க் கடைக்கு அவர்களால் பெரிய பயன் கிடையாது. அவர்கள் கமிஷனிலும் ஏஜென்சியிலும் தொடங்குவதே சரி. பகல் முழுக்க அலுவலகத்தில் இருந்துவிட்டு இரவில் வீடியோ எடுப்பவருக்குக் கடை கடையாய் ஏறி இறங்க நேரம் இருக்காது. அவருக்கு, மாதம் இரண்டு வீடியோ என்று மூன்று மாதத்துக்கு ஒரே கடையோடு பேசி முடிப்பது, தனித்தனியாக ஆறு பேரைத் தேடுவதைவிட எளிது. அப்படிப் பேசும்போது ஒரு வீடியோவுக்கான விலையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த மூன்று மாதத்தில் அதே வகைப் பொருளுக்கு வேறு யாருடனும் வேலை செய்யக் கூடாது என்று கடைக்காரர் கேட்டால், குறைத்த தொகையை அங்கே திரும்பக் கூட்டிக்கொள்ள வேண்டும்.